முதலையைத் தொட்ட கை

ஆறாயிரம் வருஷத்து முதலை ஒன்றுக்கு இரண்டரை லட்சம் ரூபாய். பாறையோடு அறுத்தெடுத்து, சணல் சாக்கு சுற்றி, சென்னைத் துறைமுகம் வரை அனுப்பும் கூலியும் அதற்குள் அடக்கம். இந்த விலையைச் சொன்னவர் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் தனசேகரன். கேட்டுக்கொண்டிருந்தவர், அரபு நாடு ஒன்றின் பாலைவனத்தில் பாறை ஓவியத்துக்குக் காவல் இருக்கும் கிழவர். கிழவருக்குத் தமிழ் தெரியாத ஒரே காரணத்தால் தனசேகரன் அன்றைக்கு முழுசாகத் திரும்பி வந்தார்.

"கூட இருந்த கைடு கொஞ்சம் புரிஞ்சுக்கினான் போல. இப்போ அத்தயும் சேத்து எழுதிட்டாங்க மேடம்," என்றாள் சிம்ரன்.

செவிலிமேட்டில், மஹாலட்சுமியின் வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த காபியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. வாசலில் அவள் கழற்றிவிட்ட செருப்பைத் துரைக்கண்ணு பார்த்தான். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. டவுன் பஸ் ஏறி இவ்வளவு தூரம் வந்தும் அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அவளை அங்கே வரச்சொன்னதே துரைக்கண்ணுதான். நாற்பத்தேழு வயது, பட்டுக்கடைத் தரகன். வெளியூர் வண்டி வந்து நின்றால், இறங்குகிறவர் காலைப் பார்த்தே எத்தனை ஆயிரத்துக்குப் புடவை எடுப்பார் என்று சொல்லிவிடுவான். ஓய்ந்த வேளையில் மஹாலட்சுமிக்குத் துப்புத் துலக்க உதவுவதாக அவனுக்கு நினைப்பு. அந்த அம்மாள் இருபத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீசில், எரிந்த கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்ததா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை விடவில்லை. அவர் அதிகம் பேசமாட்டார். பேசாமலிருப்பவர் எதிரே மனிதர்கள் தாமாகவே நிறையப் பேசிவிடுகிறார்கள் என்பது அவருடைய ஒரே தொழில் ரகசியம். இப்போதும் மடியில் முறத்தை வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

சிம்ரன் சொன்ன கதை இது. அவள் புருஷன் ஜெபகுமார் சர்ச்சுக்காரர்களைப் புனித பூமிக்குக் கூட்டிப்போய் வருகிறவன். இந்தப் பொங்கலுக்கு முதல் தடவையாக ஒரு சின்னக் கூட்டத்தைப் பாலைவனத்துப் பழைய நகரங்களையும் பாறை ஓவியங்களையும் பார்க்க அழைத்துப் போனான். நாலே பேர்தான். தனசேகரன், அவர் மனைவி லோகாம்பாள், மாகறல் ஊராட்சியின் முன்னாள் தலைவர் கலியன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் இளங்கோவன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஓவியத்தைப் பார்த்தார்கள். நாலாம் நாள் விமான நிலையத்தில் போலீஸ் நின்றது. ஓவியத்தை யாரோ கையால் தேய்த்து அழித்திருந்தார்கள். அன்றைக்கு அங்கே வந்தது இந்தக் கூட்டம் ஒன்றுதான். எல்லோருக்கும் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருந்த ஜெபகுமாரை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள்.

"இன்னையோட ஆறு நாளு. தொட்டவங்க யாருன்னு தெரிஞ்சு, ஏன் தொட்டாங்கன்னு அவங்க கையாலயே எழுதி வியாழக்கிழமைக்குள்ள தூதரகம் மூலமா குடுத்தா, விவரம் தெரியாம செஞ்சதுன்னு அபராதத்தோட விட்டுடுவாங்களாம். இல்லன்னா அவரு மேல கேஸு. ரெண்டு வருஷம் உள்ள." சிம்ரன் முதல் தடவையாகக் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். "நாலு பேர் வூட்டுக்கும் போயி கால்ல வுழாத கொறயா கேட்டுட்டேன். யாரும் தொடலயாம்."

அந்த நாட்டிலிருந்து அன்று காலைதான் வந்திருந்த கடிதத்தையும் படங்களையும் மஹாலட்சுமி வாங்கிப் பார்த்தார். துரைக்கண்ணு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். செம்மண் நிறத்தில் ஒரு முதலை, நாலு காலும் பரப்பி, வாலை நீட்டிக்கொண்டு கிடந்தது. அதன் ஒரு பக்கம் கதிர் விட்ட வட்டம், மறுபக்கம் பிறை. தலையிலிருந்து வால் வரைக்கும் நீளமாக ஒரு தேய்ப்பு. வட்டத்தின் மேல் ஒன்று, பிறையின் மேல் ஒன்று. மூன்று இடம்தான். கடிதத்தில் இன்னும் இரண்டு விவரம் இருந்தன. முதலை இருப்பது குடை போல முன்னால் கவிந்த பாறையின் அடிப்பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேலே. கீழே, நெஞ்சு மட்டத்தில், கைக்கு எட்டும்படி வரிசையாக இருந்த மாடுகளையும் வில் பிடித்த மனிதர்களையும் ஒருவரும் தொடவில்லை.

"அன்னைக்கி எடுத்த வேற படம் எதுனா இருக்குதாம்மா?" என்று மஹாலட்சுமி கேட்டார்.

ஓவியத்துக்குப் போகும்போது காவல்காரர் எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டாராம். அதனால் அங்கே யாரும் ஒரு படமும் எடுக்கவில்லை. ஆனால் ஜெபகுமார் தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்து, தன் குறிப்பு நோட்டின் பக்கத்தையும் சேர்த்து மனைவிக்கு அனுப்புகிற வழக்கம். பாலைவனம் என்பதால் நோட்டில் பாதிக்கு மேல் தண்ணீர்க் கணக்கு. அதையெல்லாம் சிம்ரன் மஹாலட்சுமியின் போனுக்கு அனுப்பிவிட்டுப் போனாள். வாசலில் குனிந்தபோதுதான் செருப்பைப் பார்த்தாள். யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல் ஒரு கணம் அப்படியே நின்றாள்.

மஹாலட்சுமியும் துரைக்கண்ணுவும் போனபோது தனசேகரன் கடையில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர்களை அடுத்த அறையில் உட்காரவைத்துவிட்டு, இவர்களிடம் வந்தார். விலை கேட்டதை அவர் மறுக்கவில்லை. "கண்ணுல பட்டத வெல கேக்கறது நம்ம பொழப்புமா. வாங்கவா போறேன்? கேட்டாத்தான அதோட மதிப்பு தெரியும்," என்றார். தான் தொடவில்லை என்பதற்கு அவர் சொன்ன காரணம் துரைக்கண்ணுவுக்கே நம்பும்படி இருந்தது. வாங்க நினைக்கும் சரக்கின் மேல் கறை படும்படி எந்த வியாபாரியும் கை வைக்கமாட்டான்.

துரைக்கண்ணுவின் சந்தேகமெல்லாம் லோகாம்பாள் மேல்தான். முதல் நாள் ஏதோ இடிந்த நகரத்தில் ஒரு தூணைப் பார்த்ததும் குங்குமம் வைத்துவிட்டார் என்றும், கைடு ஈரத் துணியை வைத்துக்கொண்டு பின்னாலேயே அலைந்தான் என்றும் சிம்ரன் சொல்லியிருந்தாள். கடையிலேயே இருந்த அவரிடம் அதை நேராகவே கேட்டான். அந்த அம்மாள் கோபப்படவில்லை. சிரித்தார்.

"தூணு வேற, மொதல வேறபா. அந்த கைடு சொன்னான், ஜெபா தமிழ்ல சொல்லிச்சு. இங்க ஒரு காலத்துல ஆறு ஓடிச்சாம், அதுல இருந்த மொதலயாம் இது. பாத்ததுமே எனக்கு ஒடம்பு கூசிப்போச்சு. மொதலயப் போயி யாராச்சும் தடவுவாங்களா?"

மற்ற விவரமும் அவர்களே சொன்னார்கள். கலியனையும் சேர்த்து மூன்று பேரும் ஜெபகுமாரோடு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கியதும், பாறையின் மறுபக்கம் காவல்காரரின் கூடாரத்தில் டீ கொடுத்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். கைடும் டிரைவரும் அங்கேதான் இருந்தார்கள். இளங்கோவன் வாத்தியார் மட்டும் முழங்கால் வலி என்று ஏறவே இல்லை. போகும்போதும் வண்டியில்தான் இருந்தார், வரும்போதும் வண்டியில்தான் இருந்தார். டீயின் நடுவே கலியன் மட்டும் எழுந்து எங்கேயோ போய் ஐந்து நிமிஷம் கழித்து வந்தார்.

இது போதாதா? துரைக்கண்ணு தன் வண்டியை மாகறலுக்கு விட்ட வேகத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த மஹாலட்சுமி இரண்டு இடத்தில் அவன் சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கலியனை டீக்கடையில் பிடித்தார்கள். ஊராட்சிக் கூட்டத்தில் கேள்வி கேட்டவர்களைப் பார்த்துப் பழகிய மனிதர். பெஞ்சில் இடம் கொடுத்து, டீயும் சொல்லிவிட்டுத்தான் பேசினார். தனக்குச் சர்க்கரை என்றும், பாறைக்குப் பின்னால் ஒதுங்கப் போனதாகவும் சொன்னார்.

"அத்தப் போயி போலீசுக்கு எழுதிக் குடுக்கணுமாமா? எழுதறேன், வெக்கமா இன்னா. வரும்போது கை கழுவ தண்ணி எடுக்க வண்டியாண்ட போனேன். வாத்தியாரு படுத்துக்கினு இருந்தாரு போல, கண்ணாடில தல தெரியல. எழுப்ப வேணாம்னு பின்னாடி கதவத் தொறந்து எடுத்துக்கினு வந்துட்டேன்."

திரும்பும் வழியில் துரைக்கண்ணு தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான். தனியாகப் போனவர் கலியன். பொய் சொல்லத் தெரிந்தவரும் கலியன். தேர்தலில் நின்றவர் அல்லவா. மஹாலட்சுமி, வாத்தியாரையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்றார். அவரைப் பார்த்து என்ன ஆகப் போகிறது என்றான் துரைக்கண்ணு. ஆனால் போக அவனுக்கு ஆசைதான். எட்டாம் வகுப்பில் இளங்கோவன் அவனுக்கு வாத்தியார். ஒருநாள் அவன் இடுப்பில் கட்டியிருந்த தாயத்தைக் கத்தரித்து எறிந்து, "உன்ன பாஸ் பண்ண வைக்கப் போறது இது இல்லடா, நான்," என்றவர். அவர் சொன்னபடியே பாஸாகவும் வைத்தார். அன்று முதல் ராகுகாலம் பார்க்காமல் புடவை விற்கிற ஒரே தரகன் காஞ்சிபுரத்தில் துரைக்கண்ணுதான்.

இளங்கோவனின் வீட்டில் சுவரெல்லாம் புத்தகம். எழுபது வயதிலும் நிமிர்ந்த முதுகு. மனைவி இறந்து பதிமூன்று வருஷமாகத் தனியாக இருப்பவர், டீயைத் தானே போட்டுக் கொண்டுவந்தார். அவர் எழுதிய, சகுனங்களைக் கிழித்துத் தொங்கவிடும் சின்னப் புத்தகம் ஒன்பதாவது பதிப்பு வந்திருந்தது. அடுத்த மாதம் அதற்காக ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள் என்று மேஜை மேல் கிடந்த அழைப்பிதழ் சொன்னது. ஜெபகுமார் பேச்சை எடுத்ததும் அவர் முகம் சுருங்கியது. முழங்கால் வலியால் தான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை என்றும், பாறையை ஏறிப் பார்க்காதது இன்னும் மனசில் குறையாக இருக்கிறது என்றும் சொன்னார். பிறகு குரல் ஏறியது.

"ரெண்டாயிரம் மைல் தாண்டிப் போயி ஒரு பல்லியத் தடவிட்டு வர்ற அளவுக்கு எவனுக்கு மூளை கெட்டுப்போச்சு? அதுக்கு அந்தப் பையன் உள்ள இருக்கான். கேட்டதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லமா."

தூக்கமில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. துரைக்கண்ணு வருத்தத்தோடு தலையாட்டினான். மஹாலட்சுமி டீ நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மறுபடி முறத்தை மடியில் வைத்துக்கொண்டார். மொச்சையில் கை வைக்கவில்லை. ரொம்ப நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடிதத்தை எடுத்து ஒரு வரியைப் படித்தார். பிறகு துரைக்கண்ணு எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். எழுந்து நின்று, அந்தப் படத்தைத் தன் தலைக்கு மேலே, கூரையைப் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்து, அண்ணாந்து பார்த்தார்.

"இங்க வந்து நின்னு நீ பாரு, தொரை."

அவர் கைக்குக் கீழே போய் நின்று அவனும் அண்ணாந்து பார்த்தான். முதலைதான். நாலு கால், நீண்ட வால். இந்தப் பக்கம் சூரியன், அந்தப் பக்கம் சந்திரன். பார்த்துக்கொண்டே இருந்தான். தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தெரிவதற்கு முன்னால், அவனுடைய வலது கை தானாக மேலே போய், விரல்கள் படத்தின் தலையிலிருந்து வால் வரைக்கும் தடவி, சூரியனைத் தொட்டு, சந்திரனைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கை பாதி வழியில் நின்றது.

வாரத்துக்கு நாலு நாள் அவன் போகும் இடம் அது. பெருமாள் கோயிலில், உட்கூரையில் பதித்த தங்கப் பல்லியும் வெள்ளிப் பல்லியும். கூடவே சூரியனும் சந்திரனும். மேலே பல்லி விழுந்தவர்கள் அந்தத் தோஷம் போக, சின்னப் படி ஏறி, கையைத் தூக்கி, தலையிலிருந்து வால் வரை தடவி, சூரியனையும் சந்திரனையும் தொட்டுவிட்டு வருவார்கள். புடவை எடுக்க வருகிற கூட்டத்தை முதலில் அங்கே அழைத்துப் போய்விட்டுத்தான் அவன் கடைக்கே கூட்டிப்போவான்.

"நம்மூரு ஆளுதான்மா," என்றான் கடைசியில். "அப்போ அந்தம்மாதான். லோகாம்பாள்."

மஹாலட்சுமி போனை எடுத்து, மூன்றாம் நாள் காலைப் படத்தையும் அன்றைய நோட்டுப் பக்கத்தையும் அவன் முன்னால் வைத்தார். படத்தில் நாலு பேரும் கூடாரத்தின் முன்னால் நின்றார்கள். பாலைவனத்தின் தை மாதக் குளிர். தனசேகரன் குரங்குக் குல்லா, லோகாம்பாள் இரண்டு சால்வை, கலியன் தலையில் துண்டு. இளங்கோவன் மட்டும் வெறுந்தலையோடு நின்றார். நோட்டில் ஜெபகுமாரின் குண்டு எழுத்து: 'தலைக்கு ஒரு நாளைக்கு நாலு பாட்டில். விடியற்காலை இளங்கோவன் சார் கூட அஞ்சு பாட்டில். வயிறு சரியில்லையாம்.'

"இத்த ராத்திரிக்கு யோசிச்சுக்கினு இரு," என்றார். "அப்புறம் இன்னொண்ணு. இன்னைக்கி நாம கேட்ட பேச்சுல யாரோ ஒருத்தர் ஒரு வார்த்தைய மாத்திச் சொன்னாங்க. அத்தயும் யோசி."

துரைக்கண்ணு யோசித்தான். விடியும்போது விடை கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ரயிலடிக்குப் பக்கத்தில், மாடியில் இருந்த ஜெபகுமாரின் ஒற்றை அறை ஆபீசில் எல்லோரும் கூடினார்கள். சிம்ரன் புருஷனின் நாற்காலியில் உட்காராமல் அதன் பின்னால் நின்றாள். மஹாலட்சுமி சொன்னபடி, துரைக்கண்ணு அந்தப் படத்தைப் பெரிசாக அச்சடித்து, அறையின் பரண் பலகைக்கு அடியில், தலைக்கு மேலே ஒட்டியிருந்தான். முதலில் அண்ணாந்து பார்த்தது லோகாம்பாள்தான்.

"ஐயோ," என்றார் மெதுவாக. "இது நம்ம பெருமாள் கோயில் பல்லி மாதிரியில்ல இருக்குது."

தனசேகரன் வாய் திறந்தபடி மேலே பார்த்தார். கலியன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஆமாம்மா. இப்பத்தான் தெரியுது உங்களுக்கு," என்றார் மஹாலட்சுமி. "அன்னைக்கி ஏன் தெரியல? ஏன்னா நீங்க மூணு பேரும் நிமிர்ந்து பாக்கறதுக்கு முன்னாடியே, இது மொதலன்னு ஜெபகுமார் சொல்லிட்டான். காதுல மொதலன்னு வுழுந்துச்சு, கண்ணுக்கும் மொதலதான் தெரிஞ்சுது. மொதலய யாரும் கும்புடமாட்டாங்க. நீங்களே சொன்னீங்க. அப்போ இத்தத் தொட்ட கைக்குச் சொந்தக்காரர் கைடு பேசினதக் கேக்காதவரு. தனியா வந்து, நிமிர்ந்து பாத்து, பல்லியப் பாத்தவரு."

அவர் யாரையும் பார்க்காமல், மேஜை மேல் இருந்த கடிதத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். போலீஸ் கடிதத்தில் முதலை என்றுதான் இருக்கிறது. சிம்ரன் எல்லோர் வீட்டிலும் போய் அழுததும் முதலை என்றுதான். தனசேகரன் விலை பேசியதும் முதலைக்குத்தான். அங்கே படம் எடுக்க விடவில்லை, போலீஸ் படங்கள் சிம்ரன் கைக்கு வந்ததே நேற்றுத்தான் என்பதால், ஏறிப் போகாதவர் அதன் உருவத்தைப் பார்த்திருக்கவே முடியாது. பாறைப் பக்கமே போகாத ஒருவர் மட்டும் நேற்று அதைப் பல்லி என்றார். டீ நேரத்தில் கலியன் வண்டியருகே போனபோது கண்ணாடியில் தலை தெரியவில்லை. தூங்கியதால் அல்ல. வண்டியில் ஆளே இல்லை.

"மூணாம் நாள் காலைல அஞ்சு பாட்டில் தண்ணி. வயிறு சரியில்லன்னா தண்ணி செலவாவும், சரி. ஆனா தல நனையாது." போனிலிருந்த படத்தை விரலால் பெரிதாக்கி மேஜை மேல் வைத்தார். வெறுந்தலையில் படிய வாரிய முடி, பளபளவென்று ஈரம். சட்டைக் காலரில் தண்ணீர் சொட்டிய தடம். "பாலைவனத்துல, அந்தக் குளுருல, ஒரு மனுஷன் அஞ்சு பாட்டில் தண்ணிய தலைல ஊத்திக்கினு இருக்காரு. நம்மூருல எதுக்குப்பா அப்டித் தல முழுகுவாங்க?"

கேள்வி துரைக்கண்ணுவுக்கு. பதிலை அவன் விடிந்ததிலிருந்தே கையில் வைத்திருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"தலைல பல்லி வுழுந்தா."

இளங்கோவன் உட்கார்ந்த இடத்தில் அசையவில்லை. அந்த நிமிர்ந்த முதுகு மட்டும் மெல்ல நாற்காலியின் சாய்வைத் தேடிப் போனது. சிம்ரன் அவரையே பார்த்தாள். இத்தனை நாளில் அவள் வீட்டுக்கு இரண்டு தடவை வந்து ஆறுதல் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"சார், நீங்களா?" என்றாள்.

இளங்கோவன் பேசினார். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்ட அந்தக் குரலை முன்னால் இருந்தவர்களே குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"என் பொஞ்சாதி தலைல ஒருநா பல்லி வுழுந்துச்சு. பெருமாள் கோயிலுக்கு ஒரு நட போயிட்டு வந்துடலாம்னா. நான் சிரிச்சேன். புத்தகத்துல ஏழாவது அத்தியாயமே பல்லிதான், அத்த எடுத்துப் படிச்சுக் காட்டினேன். அவளும் சிரிச்சா. ஒன்பதாம் நாளு போயிட்டா. மாரடைப்பு. பல்லிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அன்னைக்கும் சொன்னேன், இன்னைக்கும் சொல்றேன். சம்பந்தம் இல்ல." நிறுத்தினார். "அந்தக் கூடாரத்துல விடியக்காலைல தல மேல பொத்துனு வுழுந்துச்சு. ஒம்பதாம் நாள எண்ண ஆரம்பிச்சிட்டேன்மா, நானு. சாயங்காலம் நீங்கல்லாம் டீ குடிக்கப் போனதும், வந்ததுக்குப் பாத்துடலாமேன்னு மெல்ல ஏறினேன். நிமிர்ந்தா, பல்லி. சூரியன், சந்திரன். அந்தப் பாழாப்போன எடத்துல. நான் நம்பல. ஆனா கை போயிடுச்சு."

"கேட்டப்போ சொல்லியிருக்கலாமே சார்," என்றான் துரைக்கண்ணு. தாயத்து இருந்த இடத்தில் இடுப்பு குறுகுறுத்தது.

"கை பட்டுடுச்சுன்னு மட்டும் எழுதினா வுட்டுடுவாங்களா? ஏன் தொட்டேன்னு எழுதணும்ல. என் கையெழுத்துல."

அதுதான் விஷயம். அபராதத்துக்கு அவர் பயப்படவில்லை. ஜெயிலுக்குக்கூட அவ்வளவாக இல்லை. ஒன்பது பதிப்பும், அடுத்த மாதப் பாராட்டுக் கூட்டமும், தாயத்தை அறுத்துவிட்டுப் பாஸாக்கிய முந்நூறு பிள்ளைகளும் ஒரு பக்கம். ஜெபகுமாரின் இரண்டு வருஷம் மறு பக்கம். ஏழு நாளாக அவர் தராசைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வியாபாரத் தெருவில் பிறந்த துரைக்கண்ணுவுக்கு எத்தனையோ கள்ள எடை தெரியும். இந்த மாதிரி ஒன்றை அவன் பார்த்ததில்லை.

மஹாலட்சுமி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார். இளங்கோவன் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்துப் பிழையில்லாமல், பத்தி பிரித்து, பல்லி விழுந்தது முதல் கண்ணில் ஒற்றிக்கொண்டது வரை ஒன்றையும் விடாமல் எழுதியிருந்தார். கீழே கையெழுத்துப் போட்டு, பழக்கத்தில் 'தலைமையாசிரியர் (ஓய்வு)' என்று சேர்த்தார். பிறகு அந்த இரண்டு சொல்லையும் ஒரே கோட்டில் அடித்தார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. அபராதத்தை அவர் கட்டினார். இனி அந்த நாட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. பாராட்டுக் கூட்டத்தை அவரே போன் செய்து நிறுத்தினார். காரணம் கேட்டவர்களிடம் காரணத்தைச் சொன்னார். கேட்டவர்கள் அடுத்த கேள்வி கேட்க முடியாமல் போனை வைத்தார்கள். பிடித்து வைத்த பதினோராம் நாள், சனிக்கிழமை, ஜெபகுமார் வந்து இறங்கினான். முகத்தில் தாடி, இடுப்பில் பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை துரைக்கண்ணு அந்த ஆபீசில் இருந்தபோது இளங்கோவன் படியேறி வந்தார். கையில் பை. அதிலிருந்து ஐந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தார். ஜெபகுமார் அவரைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று துரைக்கண்ணு நினைத்தான். அவன் இழுப்பறையைத் திறந்து, அந்தக் குறிப்பு நோட்டை எடுத்து, மூன்றாம் நாள் பக்கத்தைப் புரட்டி, 'அஞ்சு பாட்டில்' என்பதற்கு எதிரே ஒரு டிக் போட்டான்.

"சரியா போச்சா ஜெபா?" என்றார் இளங்கோவன்.

ஜெபகுமார் பதில் சொல்வதற்குள் சிம்ரன் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை அவன் கையிலிருந்து வாங்கி, டிக்குக்குக் கீழே இன்னொரு வரி எழுதி, வாத்தியார் படிக்கும்படி திருப்பி வைத்தாள்.

'தண்ணீர், ஐந்து பாட்டில்: வரவு. நாள், பதினொன்று: பாக்கி.'